கிட்னிக்குள் ஓடும் கரண்ட்: வாசகர் கேள்வி–பதில்

சிறுநீரகச் செல்களின் மின்னோட்டம் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இதயத்துக்கு ஈ.சி.ஜி. இருக்கிறது, மூளைக்கு ஈ.ஈ.ஜி. இருக்கிறது. சிறுநீரகச் செல்களிலும் மின்னோட்டம் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். பிறகு ஏன் கிட்னிக்கு மட்டும் அப்படியொரு டெஸ்ட் இல்லை?
— எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர், காரைக்குடி

பதில்: கரண்ட் இருக்கிறது, துடிப்புதான் இல்லை. இதயத்தில் கோடிக்கணக்கான செல்கள் வரிசையாக, ஒரே திசையில் மின்னழுத்தத்தை மாற்றுகின்றன. அந்த அலை மார்புத் தோல்வரை வந்து ஒரு மில்லிவோல்ட் அளவில் பதிவாகிறது. சிறுநீரகச் செல் அப்படித் துள்ளாது. அதன் உள்பக்கம் வெளியைவிட 60, 70 மில்லிவோல்ட் நெகட்டிவாக நாள் முழுக்க ஏறக்குறைய அப்படியே நிற்கும். போதாததற்கு ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான் குழாய்கள், சுருண்டு மடங்கி எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒன்றின் மின்புலத்தை இன்னொன்று அடித்துவிடும். முதுகில் எலக்ட்ரோடு ஒட்டினால் தசையின் இரைச்சல்தான் கிடைக்கும்.

துடிக்காத இந்தக் கரண்ட் செய்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாளைக்குக் கிட்னி வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் என்று பெருக்கிப் பாருங்கள்: 25,000 மில்லிமோல். சாப்பாட்டு உப்புக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! சிறுநீரில் வெளியே போவது அன்று நாம் சாப்பிட்ட சில கிராம் மட்டும். மீதி முழுவதும் குழாய்ச் சுவரைக் கடந்து ரத்தத்துக்குத் திரும்புகிறது.

திரும்புவதற்கு ஒரு திசை வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் ஊர்ப் பெரிய வீடுகளைப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். குழாய்ச் சுவரின் ஒவ்வொரு செல்லும் அப்படி ஒரு வீடு: முகப்பு சிறுநீர்த் தெருவில், பின்வாசல் ரத்தத் தெருவில். சோடியம்–பொட்டாசியம் பம்பு பின்வாசலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை ரத்தப் பக்கம் தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். வீட்டுக்குள் சோடியம் எப்போதும் பஞ்சம் என்பதால், முகப்பில் கதவு கிடைத்தால் போதும், சோடியம் தானாக நுழைந்துவிடும். அந்தக் கதவுகளில் ஒரு வகைதான் ஐயான் சேனல், அயனி வாய்க்கால். பம்பு இரண்டு வாசலிலும் சமமாக இருந்திருந்தால் உப்பு எந்தப் பக்கமும் நகராது. (இந்தப் பம்பைக் கண்டுபிடித்த ஜென்ஸ் ஸ்கோவின் ஆய்வு வெளியானது 1957-இல், நோபல் கிடைத்தது 1997-இல். பொறுமைக்காரர்.)

டெஸ்ட் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. டென்மார்க்கின் ஹான்ஸ் உஸ்ஸிங் 1950-களில் தவளைத் தோலை இரண்டு அறைகளுக்கு நடுவே கட்டி, இரு பக்கமும் ஒரே கரைசலை ஊற்றி, குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பூஜ்யமாக்கினார். அதற்குத் தேவைப்பட்ட கரண்ட்டும் தோல் கடத்திய நிகர சோடியமும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. சிறுநீரகச் செல்களைச் சல்லடைத் தாளில் வளர்த்து இன்றும் இதே முறையில்தான் அளக்கிறார்கள். ஆனால் திசுவை வெளியே எடுத்தாக வேண்டும். ஆளைப் படுக்கவைத்துச் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 68 வயது, இதய பலவீனம். முதலில் ஃபுரோசமைடு 40 மி.கி. கொடுத்தார்கள். பொட்டாசியம் 3.1-க்கு இறங்கியது, இளநீர் குடிக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. சேர்த்தார்கள். இப்போது பொட்டாசியம் 5.6, இளநீரைத் தொடாதீர்கள் என்கிறார்கள். இரண்டும் நீர் பிரிகிற மாத்திரைதானே? ஏன் இந்தத் தலைகீழ்?
— வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டும் உப்பையும் நீரையும் வெளியேற்றும். பொட்டாசியத்தில் மட்டும் எதிரெதிர். ஏனென்றால் அவை வேலை செய்யும் இடம் வேறு.

ஃபுரோசமைடு வேலை செய்வது நெஃப்ரான் குழாயின் நடுவே வரும் ஹென்லே வளைவின் ஏறுபகுதியில். அங்கே ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று நான்கையும் சேர்த்தே உள்ளே ஏற்றும் புரதம் ஒன்று உண்டு. மாத்திரை அதை அடைக்கிறது. அங்கே ஏறாத உப்பு கீழே சேகரிப்புக் குழாய் வரை வந்துவிடும். அந்தக் குழாய்ச் செல்லின் முகப்பில் ஈனாக் என்ற சோடியம் சேனல் இருக்கிறது. வருகிற சோடியத்தை அது உள்ளே விடும்போது பாசிட்டிவ் சார்ஜ் உள்ளே போய், குழாயின் உட்புறம் சில பத்து மில்லிவோல்ட் நெகட்டிவ் ஆகிறது. பக்கத்திலேயே ரோம்-கே என்ற பொட்டாசியம் சேனல் திறந்திருக்கிறது. நெகட்டிவ் பக்கம் பாசிட்டிவ் பொட்டாசியத்தை இழுக்காமல் விடுமா? சோடியம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு இழுப்பு. 3.1 இப்படித்தான் வந்தது.

ஈனாக் கதவுகளை முகப்பில் வைத்திருக்கச் சொல்வது ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன். ஸ்பைரோனோலாக்டோன் அதன் உத்தரவு செல்லுக்குப் போகாமல் தடுக்கிறது. கதவு குறைந்தால் நெகட்டிவ் குறையும், இழுப்பும் குறையும், பொட்டாசியம் உடம்பில் தங்கிவிடும். உத்தரவு நின்றாலும் பழைய புரதங்கள் மெல்லத்தான் மறையும் என்பதால் முழு விளைவு தெரிய இரண்டு மூன்று நாளாகும். பழைய மருந்தான அமிலோரைடு சேனலின் வாயையே அடைப்பது. அது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

5.6 என்ற எண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, ரத்தம் எப்படி எடுத்தார்கள் என்பது. கையில் கட்டும் பட்டையை இறுக்கிக் கையை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்லியிருந்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினால் சிவப்பணு உடையும். கிராமத்தில் எடுத்த ரத்தத்திலிருந்து சிவப்பணுவைப் பிரித்தெடுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து மாலை வண்டியில் டவுன் லேபுக்கு அனுப்பினாலும் எண் ஏறும். மேலே சொன்ன அதே பம்பு குளிரில் படுத்துவிடும், சிவப்பணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிடும். ரிப்போர்ட்டில் ‘ஹீமோலைஸ்டு’ (சிவப்பணு உடைந்தது) என்று இருந்தாலோ, எடுத்து வெகு நேரம் கழித்துப் பரிசோதித்திருந்தாலோ, தாமதிக்காமல் நேரே லேபுக்குப் போய் மறுபடி கொடுங்கள்.

உண்மையிலேயே 5.5-க்கு மேல் என்றால் பொதுவாக ஸ்பைரோனோலாக்டோன் அளவைப் பாதியாக்குவார்கள். 6-க்கு மேல் போனால் நிறுத்தி, அன்றைக்கே ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். முடிவை டாக்டர் எடுக்கட்டும், ஆனால் அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காதீர்கள். இந்த மாத்திரை தொடங்கினால் ஒரு வாரத்தில் ஒரு டெஸ்ட், ஒரு மாதத்தில் இன்னொன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். அப்பச்சி சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ராமிப்ரில், டெல்மிசார்டான் வகைப் பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் ஐபூபுரூஃபன், டைக்ளோஃபினாக் இன்னும் மோசம். பலருக்குத் தெரியாத ஒன்று: சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்ஸசோலில் உள்ள டிரைமெத்தோபிரிம், அமிலோரைடைப் போலவே ஈனாக்கை அடைக்கும். இருதய மாத்திரை எழுதுபவரும் ஆன்டிபயாடிக் எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும்போதுதான் இது நடக்கிறது.

இளநீர்க் கணக்கும் இதில் வருகிறது. 100 மில்லியில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம். 300 மில்லி வருகிற ஓர் இளநீரில் 750 மி.கி., அதாவது 19 மில்லிமோல். செல்லுக்கு வெளியே உடம்பு முழுக்க உள்ள பொட்டாசியமே 60 மில்லிமோல் சுமார்தான். ஆரோக்கியமான கிட்னிக்கு இது பொருட்டில்லை. ஈனாக் அடைபட்ட கிட்னிக்கு ஒரே மடக்கில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பாருங்கள்.

காய்களை வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் பொட்டாசியம் அதிகம் இறங்காது. உருளை, சேனை போன்றவற்றைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்துவிட்டால் ஏறக்குறைய பாதி போகும். வடித்த நீரை ரசத்தில் சேர்த்தால் பாடுபட்டது வீண். மண்டியை இந்தக் கணக்கில் காப்பாற்ற முடியாது: அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் காயும் சேர்ந்தே கொதிப்பது அது, வடிக்கிற கட்டமே கிடையாது. புளியிலும் பொட்டாசியம் தாராளம். எண் இறங்கும் வரை அப்பச்சிக்கு மண்டி வேண்டாம், அவர் முகம் சுளித்தாலும்.

கேள்வி: பிரஷருக்கு நல்லது என்று ‘லோ சோடியம்’ உப்பு வாங்கினோம். இந்துப்பும் அப்படித்தானே?
— இல்லத்தரசி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் குறைந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 13 மில்லிமோல் பொட்டாசியம். கிட்னி நன்றாக இருப்பவருக்கு இது நன்மைதான். சீனாவில் 600 கிராமங்களில் 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது, பக்கவாதம் குறைந்தது. ஆனால் தீவிரக் கிட்னி நோய் உள்ளவர்களையும் ஸ்பைரோனோலாக்டோன் வகை சாப்பிடுகிறவர்களையும் அதில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்த உப்பு அடுப்படிக்கே வரக் கூடாது. ஒரே சட்டியில் எல்லோருக்கும் சமைக்கிறோம் அல்லவா? இந்துப்பு வேறு கதை. அதில் பெரும்பகுதி சாதாரண சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் கூடுதல்.

கேள்வி: என் கிட்னிக் கல்லைக் கரண்ட் ஷாக் வைத்து உடைத்தார்கள். அதனால் கிட்னியின் இயற்கைக் கரண்ட் கெடுமா?
— அரிசி ஆலைத் தொழிலாளி, புதுவயல்

பதில்: உங்கள் உடம்புக்குள் கரண்ட் விடவில்லை. அது ஒலி அழுத்த அலை. 1980-இல் மியூனிக் நகரில் முதல் ஆளுக்குச் செய்த கருவியில் தண்ணீருக்குள் மின்பொறி அடித்து அந்த அலையை உண்டாக்கினார்கள், ‘ஷாக்’ என்ற பேச்சு நிலைக்க அதுவும் ஒரு காரணம். சேனல்கள் பற்றிய கவலை வேண்டாம்.

கல்லுக்கும் கிட்னியின் மின்னழுத்தத்துக்கும் வேறொரு சம்பந்தம் உண்டு. ஹென்லே வளைவின் ஏறுபகுதியில் குழாயின் உட்புறம் சில மில்லிவோல்ட் பாசிட்டிவ். உள்ளே ஏறிய பொட்டாசியம் ரோம்-கே வழியாக மறுபடி குழாய்க்கே திரும்புவதால் வருவது. அந்தப் பாசிட்டிவ், கால்சியத்தைச் செல்களின் இடுக்கு வழியாக ரத்தத்துக்குத் தள்ளுகிறது. ஃபுரோசமைடு இந்த அழுத்தத்தைக் கொன்றுவிடும், கால்சியம் சிறுநீரில் கூடும், கல் சேர அது ஒரு வழி. தயாசைடு வகைப் பிரஷர் மாத்திரை எதிர்மாறு, சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும். பிரஷரும் கல்லும் சேர்ந்து இருந்தால் இதை டாக்டரிடம் கேளுங்கள். ஆலைச் சூட்டில் நிற்கும் உங்களுக்கு எத்தனை லிட்டர் குடித்தேன் என்ற கணக்கு ஏமாற்றும், பாதி வியர்வையில் போய்விடும். ஒரு விடுமுறை நாளிலும் ஒரு வேலை நாளிலும் சிறுநீரை அளந்து பாருங்கள், இரண்டரை லிட்டர் வர வேண்டும். இதய நோய் இருப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: ஹெக் 293 செல்களில் ஈனாக்கின் மூன்று பகுதிகளையும் செலுத்திப் பேட்ச்-கிளாம்ப் செய்கிறேன். இரண்டாம் நாள் பல செல்கள் உருண்டு மிதக்கின்றன. மீதியில் பத்துக்கு இரண்டில்தான் சீல் வருகிறது. கிடைக்கும் கரண்ட்டும் அமிலோரைடுக்கு அசைவதில்லை. எங்கே தப்பு?
— ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி

பதில்: மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: ஹெக் 293 என்பது ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு செல் வகை (கடைசிக் கேள்வியைப் பாருங்கள்); நுனி ஒரு மைக்ரான் அளவுள்ள கண்ணாடிக் குழாயை (பிப்பெட்) செல் மேல் அழுத்தி உறிஞ்சி, சவ்வோடு இறுக ஒட்டவைத்து (இந்த ஒட்டுதான் சீல்), சேனல் வழியே ஓடும் கரண்ட்டை அளப்பதுதான் பேட்ச்-கிளாம்ப். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் தொடங்கியது, 1991-இல் நோபல் பெற்றது. ஒரு பைக்கோஆம்பியர் என்பது நொடிக்கு 62 லட்சம் அயனிகள். ஒரே ஒரு ஈனாக் வழியே ஓடுவது அதைவிடவும் குறைவு.

உங்கள் கடிதத்தில் மூன்று பிழைகள் ஒன்றாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. மிதக்கும் செல்களை முதலில் பார்ப்போம். ஈனாக் மின்னழுத்தத்துக்குக் காத்திருக்கிற சேனல் அல்ல, பெரும்பாலும் திறந்தே இருக்கும். மீடியத்தில் (செல் வளரும் கரைசலில்) உள்ள 140 மில்லிமோலார் சோடியம் இரவெல்லாம் உள்ளே கொட்டி, செல் ஊதிச் சாகிறது. ஜீனைச் செலுத்திய நேரத்திலிருந்தே மீடியத்தில் 10 மைக்ரோமோலார் அமிலோரைடு இருக்க வேண்டும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 100 மில்லிமோலார் ஸ்டாக் வைத்துக்கொண்டால் 10 மி.லி. மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர். ஒளி படாமல் அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். பதிவுக்கு முன் மூன்று முறை கழுவினால் போய்விடும்.

செல்களைத் தட்டிலிருந்து கழற்றும் டிரிப்சினில் அதிக நேரம் விட்டாலும் தொந்தரவு இரட்டை. சவ்வு கெட்டு சீல் வராது. டிரிப்சின் ஈனாக்கையே வெட்டி அதிகம் திறக்கவும் வைக்கும், அதனால் ஒரு நாள் கரண்ட் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் வரும். 37 டிகிரியில் செல்கள் கழன்றவுடன் சீரம் உள்ள மீடியம் ஊற்றி நிறுத்துங்கள். பதிவுக்கு முந்தைய நாள் நெருக்கமில்லாமல் விதையுங்கள். தனிச் செல்லை மட்டும் எடுங்கள். ஹெக் செல்கள் ஒட்டிக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே மின்தொடர்பு உண்டாகிவிடும். ஒரு செல்லின் கெப்பாசிட்டன்ஸ் 10–20 பைக்கோஃபாரட். 50 காட்டினால் மூன்று செல்லைப் பிடித்திருக்கிறீர்கள்.

சீல்: பிப்பெட் அன்றன்றே இழுத்ததாக, 2–5 மெகாஓம் இருக்கட்டும். உள்கரைசல் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வந்ததா? நுனி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே லேசாக ஊதும் அழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். தொட்ட பிறகு கொடுத்தால் மேல்பரப்புத் தூசி ஏற்கெனவே நுனியில் ஒட்டியிருக்கும். இதுதான் பாதிப் பேரின் தப்பு. 5 மில்லிவோல்ட் சோதனைத் துடிப்பு வைத்தால் 3 மெகாஓம் பிப்பெட்டில் 1.7 நானோஆம்பியர் தெரியும். செல்லைத் தொட்டதும் அது குறையத் தொடங்கும். உடனே அழுத்தத்தை விட்டு மெல்ல உறிஞ்சுங்கள். கோடு படுத்து 5 பைக்கோஆம்பியருக்குக் கீழே போனால் கிகாஓம் சீல். ஒருமுறை செல்லைத் தொட்ட பிப்பெட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

காரைக்குடி வெயிலில் இன்னொன்றும் உண்டு. திறந்த பாத்திரத்தில் 1 மி.லி. கரைசலை வைத்து மின்விசிறிக்கடியில் அரை மணி உட்கார்ந்தால் நீர் ஆவியாகி உப்பு ஏறும், செல் சுருங்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். விசிறியை நிறுத்துங்கள், அதிர்வும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்தே குறையும். இரைச்சல் போகாவிட்டால் டியூப்லைட், பம்பு, கேமரா, யு.பி.எஸ். என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எர்த் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும்.

அமிலோரைடுக்கு அசையாத கரண்ட்டில் மூன்று ஆசாமிகள் ஒளிந்திருக்கலாம். கரண்ட்–மின்னழுத்த வரைபடம் நேர்கோடாகச் சரியாகப் பூஜ்ய மில்லிவோல்ட்டில் அச்சை வெட்டினால் அது சீல் கசிவு. செல்லைத் திறந்தபின் சில நிமிடங்களில் வளர்ந்துகொண்டே போய் பாசிட்டிவ் பக்கம் வளைந்தால், செல் வீங்கும்போது திறக்கும் குளோரைடு சேனல். பிப்பெட் கரைசல் வெளிக்கரைசலைவிட அடர்த்தியாக இருந்தால் அது வரும். வெளியில் மானிட்டால் சேர்த்து, உள்ளே 10–15 மில்லிஆஸ்மோல் குறைவாக வைத்தால் அடங்கும். பாசிட்டிவ் அழுத்தத்தில் மட்டும் மெல்லத் திறப்பது ஹெக் செல்லின் சொந்தப் பொட்டாசியம் சேனல், உள்ளே பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம் போட்டால் மறையும்.

பிப்பெட்டுக்குச் சீசியம் ஆஸ்பார்ட்டேட் 120, சோடியம் குளோரைடு 5, ஈ.ஜி.டி.ஏ. 10, ஹெப்பஸ் 10, மக்னீசியம்-ஏ.டி.பி. 2, எல்லாம் மில்லிமோலாரில், பி.எச். 7.2. வெளியே சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 2, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, ஹெப்பஸ் 10, பி.எச். 7.4. அமிலோரைடு இல்லாமல் ஒரு பதிவு, 10 மைக்ரோமோலாருடன் ஒரு பதிவு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஈனாக், அது பூஜ்யத்தைத் தாண்டி நன்றாகப் பாசிட்டிவ் பக்கத்தில் வெட்ட வேண்டும். கரண்ட் பெரிதாக இருந்தால் சீரீஸ் ரெசிஸ்டன்ஸை (பிப்பெட் நுனிவழி மின்தடையை) கவனியுங்கள்: 1 நானோஆம்பியர் 10 மெகாஓமில் ஓடினால் 10 மில்லிவோல்ட் பொய்.

கடைசியாக, பூஜ்யப் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரோடுக் கம்பியைப் பாருங்கள். 1953 முதல் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் வெள்ளிக் குளோரைடு பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், ஆனாலும் சொல்கிறோம். கம்பி பளபளவென்று வெள்ளையாக இருந்தால் வெள்ளிக் குளோரைடுப் பூச்சு போய்விட்டது. மணல்தாளில் தேய்த்து, பிளீச் கரைசலில் அரை மணி போட்டு, சீராகச் சாம்பல் கறுப்பானதும் கழுவி மாட்டுங்கள்.

கேள்வி: ஹெக் செல் உண்மையில் கிட்னி செல்தானா?
— பிளஸ் டூ மாணவர், கானாடுகாத்தான்

பதில்: பெயரளவில். 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் ஃபிராங்க் கிரஹாம் மனிதக் கருவின் சிறுநீரகத் திசுவில் அடினோ வைரஸின் டி.என்.ஏ.வைச் செலுத்தி உருவாக்கியது. 293 என்பது அவருடைய சோதனை எண். அதன் ஜீன்களைப் பார்த்தால் நரம்புச் செல்லின் சாயலும் அட்ரீனல் சாயலும் இருக்கிறது. அதற்குச் சொந்தச் சேனல்கள் குறைவு என்பதால்தான் எந்தச் சேனலையும் போட்டுப் பார்க்க வசதி. முகப்பும் பின்வாசலும் உள்ள அசல் குழாய்ச் செல் வேண்டுமென்றால் 1958-இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் கிட்னியிலிருந்து மேடினும் டார்பியும் எடுத்து வளர்த்த எம்.டி.சி.கே. செல்லைத்தான் சல்லடைத் தாளில் விதைப்பார்கள்.